காலஞ்சென்ற மந்திரி வ. சுப்பையா

மாசி மகத்தன்று புதுச்சேரி நகரின் வடபாலுள்ள வைத்திக்குப்பத்துக் கடற்கரையைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். மயிலத்து முருகப் பெருமானும், தீவனூர் விநாயகரும், திண்டிவனத்துப் பெருமாளும், சுற்றுப்புறத்து ஊர்த் தெய்வங்கள் பலவும் அக்குப்பத்து மணலில் வந்திறங்கித் தீர்த்தவாரி கண்டு செல்வது நெடுநாளைய வழக்கம். செம்படவ மக்கள் தங்கள் படகுகளைக் கரையேற்றிவிட்டு வந்தவர்களை உபசரிப்பார்கள். மயிலமும் திண்டிவனமும் ஓர் அரசின் கீழும், புதுச்சேரி வேறோர் அரசின் கீழும் இருந்த காலமொன்று உண்டு. ஒரே மொழி பேசி, ஒரே தெய்வத்தைத் தொழுது, ஒரே கடலில் நீராடிய ஜனங்களுக்கு இடையே இரண்டு ஐரோப்பியக் கொடிகள் நின்றன. அந்தக் கொடிகள் இறங்கிய கதையை இக்காலத்து வாலிபர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு.

இவ்விழாவிலிருந்து ஒருமுறை நாம் திரும்புகையில், குப்பத்து வாலிபர் ஒருவர் ரெயில் நிலையம் வரையில் உடன் வந்தார். கல்லூரியில் வாசிப்பவர், விஷய ஞானமுள்ளவர். நிலையத்துக்கு எதிரே செல்லும் வீதி சுப்பையா சாலை என வழங்குகிறதே, அந்தச் சுப்பையா யார் என்று அவரை வினவினோம். யாரோ ஒரு பழைய மந்திரியாக இருக்க வேண்டும் என்று அவர் விடையிறுத்தார். அவ்விடையில் பிழையில்லை. ஸ்ரீ வ. சுப்பையா மந்திரியாக இருந்தவர்தாம். ஆனால் அவருடைய 82 ஆண்டு வாழ்க்கையில் மந்திரி பதவி நான்கு ஆண்டுகளுக்கு மேற்படவில்லை. அந்நான்கு ஆண்டுகள் மாத்திரமே ஒரு படித்த வாலிபரின் நினைவில் தங்கி, எஞ்சியவை மறைந்தொழிந்தன என்றால், குற்றம் அவ்வாலிபருடையதன்று. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோருடையது. அக்குறையை ஒருவாறு நீக்கும் நோக்கத்துடன் இவ்வரலாற்றை எழுதத் துணிகிறோம்.

தொடங்கு முன்னர் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நலம். ஸ்ரீ சுப்பையா கம்யூனிஸ்டுக் கட்சியினர். பிரெஞ்சிந்தியாவில் அக்கட்சிக்கு வித்திட்டவர். நாமோ அக்கட்சியைச் சேர்ந்தவரல்லோம். தேசிய இயக்கத்தின் வழியில் நின்று அவரோடு மாறுபட வேண்டிய இடங்கள் பலவுண்டு. அவற்றை மறைக்கப் போவதில்லை. ஆயினும் மாறுபட்ட கொள்கையுடையவன் செய்த நன்மையை ஒப்புக்கொள்ளாத தேசபக்தி, தேசபக்தி என்னும் பெயருக்கு உரியதாகாது.

1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி புதுச்சேரியில் சுப்பையா பிறந்தார். அப்போது அந்நகரம் விசித்திரமானதொரு நிலையில் இருந்தது. பாரதியார் 1908-ல் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தார். 1910-ல் அரவிந்தரும் வந்து சேர்ந்தார். பிரிட்டிஷ் போலீஸாரின் கை எட்டாத இடம் என்ற காரணத்தால் அவ்வூர் தேசபக்தர்களுக்குப் புகலிடமாயிற்று. அயலூரிலிருந்து வந்தவர்களுக்கு நிழல் தந்த அவ்வாட்சி, சொந்தப் பிரஜைகளுக்கு என்ன தந்தது என்பதை யோசிக்க வேண்டும்.

புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம், சந்திரநாகூர் என்னும் ஐந்து சிதறிய இடங்கள் சேர்ந்ததே பிரெஞ்சிந்தியா. 1871 முதல் அதன் சார்பில் பாரிஸ் பார்லிமெண்டுக்கு ஒரு பிரதிநிதி தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு முன்பே இவ்வுரிமை இங்கே வந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் இது பெரும் பாக்கியம். நடைமுறையிலோ தேர்தல் என்பது சில பெருந்தனக்காரர்களும் அவர்களுடைய அடியாட்களும் ஆடிய ஆட்டமாக இருந்தது. வாக்குச் சீட்டு உண்டு. அதைப் பயமின்றி இடுவதற்கு வழியில்லை. பிரான்ஸில் தொழிலாளர் 1884 முதல் சட்டபூர்வமாகச் சங்கம் அமைத்துக்கொண்டிருந்தனர்; அதே குடியரசின் கீழிருந்த புதுச்சேரித் தொழிலாளருக்கு ஐம்பது ஆண்டு கழிந்தும் அவ்வுரிமை கிட்டவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களும் சர்க்கார் கட்டடங்களின் நெற்றியில் இருந்தன. அவை கப்பலேறி வந்தபோது பொருளைத் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தன போலும்.

இத்தகைய சூழ்நிலையில் வளர்ந்த சுப்பையாவின் பொதுவாழ்வுக்கு ஒரு முக்கியமான திருப்பம் 1934-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஹரிஜன யாத்திரை மேற்கொண்டிருந்த மகாத்மா காந்தி அவ்வாண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி புதுச்சேரிக்கு விஜயம் செய்து, ஒதியஞ்சாலைத் திடலில் கூடிய ஜனத்திரளுக்கு உபதேசித்தார். ஹரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த இருபத்து மூன்று வயது சுப்பையா அவ்வரவேற்பு முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர். பிற்காலத்தில் வேறு கொடியின் கீழ் நின்ற அம்மனிதர் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தது தீண்டாமை ஒழிப்பு வாயிலாகவே என்பதை நேயர்கள் மனத்தில் கொள்க.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ‘சுதந்திரம்’ என்னும் பத்திரிகையை அவர் தொடங்கினார். பத்திரிகை நடத்துவதன் துன்பம் நமக்குச் சொந்த அனுபவத்தால் தெரியும். காகிதக்காரர், அச்சுக்கூடத்தார், சந்தாதாரர், தணிக்கை அதிகாரி ஆகிய நால்வர் நடுவே நின்று ஒவ்வொரு இதழையும் வெளிக்கொணர வேண்டும். ஆஸ்தியும் அந்தஸ்தும் இல்லாத ஓர் இளைஞர், அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட சிறு நகரில், அப்பெயரையே தலைப்பாகச் சூட்டி ஒரு பத்திரிகையை வெளியிட்டார் என்றால், அதற்கு வேண்டிய நெஞ்சுரம் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அப்பத்திரிகை படித்தவர் வீட்டுத் திண்ணையோடு நிற்கவில்லை. ஆலைத் தொழிலாளருக்கு அது வாசித்துக் காட்டப்பட்டது. எழுதத் தெரியாதவனுடைய குறையை எழுதத் தெரிந்தவன் அச்சிலேற்றினான். புதுச்சேரியின் தொழிலாளர் இயக்கம் இங்ஙனம் பிறந்தது.

அந்நாளில் புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. சவானா ஆலை அவற்றுள் மிகப் பழையது. 1898-ல் தோன்றிய ரோடியர் ஆலையும், கெப்ளே ஆலையும் ஏனையவை. நீலச் சாயம் தோய்த்த கினித் துணி இவ்வூரிலிருந்து ஆப்பிரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்குக் கப்பலேறியது. செனகால் நாட்டினன் உடுத்த துணி, வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமவாசியின் கைபட்டு வந்தது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து இருள் பிரியுமுன் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் சங்கொலிக்கு நடந்து வருவார்கள். இருள் சூழ்ந்தபின் திரும்புவார்கள். தம் குழந்தை விழித்திருக்கும் பொழுது அதன் முகத்தைப் பார்க்கும் பாக்கியம் வாரத்தில் ஒரு நாளே. கூலி அற்பம், அபராதப் பிடித்தங்கள் வேறு. குறை சொன்னவனுக்கு மறுநாள் வேலையில்லை.

1935-ன் தொடக்கத்தில் சவானா ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சுப்பையா அவர்களுக்கு வழிகாட்டினார். சங்கம் வைக்கச் சட்டம் இடந்தராத ஊரில் நடந்த அவ்வேலைநிறுத்தம் ஏனைய ஆலைகளிலிருந்தோரையும் தட்டியெழுப்பிற்று. மறு ஆண்டு முழுவதும் ஆலைகளில் கொந்தளிப்பு நீடித்தது.

1936-ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் பிரான்ஸ் தேசத்தில் நிகழ்ந்ததையும் புதுச்சேரியில் நிகழ்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் பாரிஸ் முதலிய நகரங்களின் தொழிலாளர் ஆலைகளைவிட்டு வெளியேறாமல் இயந்திரங்களின் பக்கத்திலேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். லெயோன் ப்ளூம் தலைமையில் அப்பொழுதுதான் பதவியேற்ற மக்கள் முன்னணி சர்க்கார் முதலாளிகளையும் தொழிலாளரையும் கூட்டி வைத்து ஒப்பந்தம் செய்வித்தது. கூலி உயர்ந்தது, சம்பளத்துடன் விடுமுறை கிடைத்தது, வாரத்துக்கு 40 மணி வேலை என்னும் சட்டம் பிறந்தது. அதே ஜூலை மாதத்தில் புதுச்சேரி ஆலைத் தொழிலாளரும் அதே முறையைக் கைக்கொண்டு ஆலைக்குள் அமர்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது வேறு. ஜூலை 30-ஆம் தேதி சிப்பாய்களின் துப்பாக்கிகள் வெடித்தன. பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர்.

ஒரே குடியரசு, ஒரே ஆண்டு, ஒரே விதமான செயல். பாரிஸில் அது பேச்சுவார்த்தையில் முடிந்தது; புதுச்சேரியில் பிணக்கிடங்கில் முடிந்தது. குடியேற்ற ஆட்சி என்றால் என்ன என்பதை விளக்கப் பெரிய நூல்கள் வேண்டுவதில்லை. இவ்விரண்டு செய்திகளையும் ஒரே தாளில் எழுதிப் படித்தாலே போதும். ஆண்டுதோறும் ஜூலை 30-ஆம் தேதி புதுச்சேரியில் தியாகிகள் தினமாகக் கொண்டாடப்படுவது இந்தப் பன்னிருவரின் பொருட்டே.

உடன் நின்றவர்கள் வீழ்ந்த பின் தலைவனாக இருப்பவன் செய்யத்தக்கவை இரண்டு. ஆத்திரமூட்டிக் கூட்டத்தை மேலும் பலிகொடுப்பது ஒன்று. சிந்திய இரத்தத்துக்கு நிலையான பயன் ஒன்றை ஈட்டித் தருவது மற்றொன்று. முன்னது எளிது, பெயரும் விரைவில் கிடைக்கும். சுப்பையா பின்னதைத் தேர்ந்தார். 1936 அக்டோபரில் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்த ஜவாஹர்லால் நேரு புதுச்சேரிக்கும் வந்தார். குறையைப் பாரிஸ் நகருக்கே கொண்டு செல்ல வேண்டும் என்னும் யோசனைக்கு நேருவின் ஊக்கம் கிடைத்தது. இருபத்தாறு வயது சுப்பையா 1937-ல் கப்பலேறினார். கவர்னரின் மாளிகையில் கேளாத காது பாரிஸில் கேட்டது. மக்கள் முன்னணி சர்க்காரின் மந்திரிகளையும் பிரெஞ்சுத் தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர் கண்டு பேசினார்.

1937 ஏப்ரல் 6-ஆம் தேதி பிரெஞ்சிந்தியாவுக்கென ஒரு தொழிற்சட்டம் அரசாணையாக வெளிவந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி வேலை. சங்கம் அமைக்கும் உரிமை. பெண்களும் சிறுவர்களும் வேலை செய்வதைப் பற்றிய கட்டுப்பாடுகள் ஆகியன அதனால் கிடைத்தன. சட்டப் புத்தகங்களோடு பழகிய நமக்கு இதன் அருமை நன்கு விளங்குகிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் நிலைமையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு எட்டு மணி என்று விதித்தபோது, இந்தியாவுக்கு வாரம் 60 மணி என்று விலக்கு அளிக்கப்பட்டது. 1934-ஆம் ஆண்டுப் பாக்டரிச் சட்டத்தின்படி ஆண்டு முழுதும் நடக்கும் ஆலைகளில் நாளைக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி வரை வேலை வாங்கலாம். வாரம் 48 மணி என்னும் வரம்பு அங்கே வந்தது 1946-ல் தான். ஆகவே கடலூர்ச் சாலையில் எல்லையைக் கடந்ததும் தொழிலாளியின் நாள் இரண்டு மணி நேரம் நீண்டுவிடும் என்னும் நிலை ஒன்பது ஆண்டுகள் இருந்தது. ஆசியாக் கண்டத்திலேயே எட்டு மணிச் சட்டத்தை முதலில் பெற்றவர்கள் புதுச்சேரித் தொழிலாளர் என்று அவ்வூரார் பெருமையோடு சொல்லுவதுண்டு. அப்பெருமை அவர்களுக்கு இருக்கட்டும். பன்னிரண்டு உயிர் விலை கொடுத்து வாங்கிய உரிமைக்கு அவ்வளவு பெருமையும் தகும்.

சட்டம் வந்தது, சட்டத்தைக் கொண்டுவந்தவருக்கு அமைதி வரவில்லை. ஆலை முதலாளிகளும், அவர்களுக்கு அண்டிய அரசியல்வாதிகளும், அதிகார வர்க்கத்தாரும் ஒருங்கே அவர்மேல் பாய்ந்தனர். வழக்குகள், சிறைவாசம், தேசப்பிரஷ்டம் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. பிரெஞ்சு எல்லையை விட்டு வெளியேற்றினால் பிரிட்டிஷ் எல்லையில் சிறை திறந்திருக்கும். யுத்த காலத்தில் அவர் வேலூர்ச் சிறையையும் கண்டார். பாரதியார் காலத்தில் ஒரு தேசபக்தனுக்கு ஓர் அரசிடமிருந்து தப்ப மற்றோர் அரசு இடந்தந்தது. சுப்பையாவுக்கோ இரண்டு அரசுகளும் பகை. இரண்டு சிறைகளும் சொந்தம்.

இவ்விடத்தில் நம் மாறுபாட்டையும் குறித்துவிடுகிறோம். 1942-ல் காந்தியடிகள் வெள்ளையரை வெளியேறச் சொன்னபோது, அந்த யுத்தத்தை மக்கள் யுத்தம் எனக் கருதிய கம்யூனிஸ்டுக் கட்சி அப்போராட்டத்தினின்று விலகி நின்றது. பாஸிஸத்தை முறியடிப்பதே அக்காலத்தின் முதற் கடமை என்பது அவர்களுடைய வாதம். அவ்வாதத்தில் நேர்மை இல்லையென்று சொல்லமாட்டோம். ஆனால் தேசம் முழுவதும் சிறைக்கூடமாயிருந்த காலத்தில் அந்நிலையைத் தேசியவாதிகளால் மன்னிக்க இயலவில்லை.

நிற்க. யுத்தம் முடிந்ததும் பிரெஞ்சிந்தியாவில் காற்று மாறியது. சுப்பையா முன்னின்று அமைத்த தேசிய ஜனநாயக முன்னணி 1946-ஆம் ஆண்டுத் தேர்தல்களில் வெற்றி கொண்டது. பெருந்தனக்காரர்களின் கோட்டையாக இருந்த சபைகளில் ஆலைத் தொழிலாளரின் ஆட்கள் அமர்ந்தனர். 1947-ல் பாரிஸிலுள்ள குடியரசு ஆலோசனை சபைக்கு, அதாவது பார்லிமெண்டின் மேற்சபைக்கு, சுப்பையா உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் குறைதீர்க்கும்படி மனுவோடு சென்ற அந்நகருக்கே அவர் பிரதிநிதியாகச் சென்றார். ஆலைக்குள் அமர்ந்ததற்காகச் சுடப்பட்டவர்களின் தோழர் அக்குடியரசின் சட்டம் செய்யும் மண்டபத்தில் அமர்ந்தார்.

1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி பாரதம் விடுதலை பெற்றது, புதுச்சேரி பெறவில்லை. உடனே இந்திய யூனியனுடன் இணைவதா, பிரெஞ்சுத் தொடர்புக்குள் சுயாட்சி பெறுவதா என்னும் கேள்வி எழுந்தபோது சுப்பையாவின் கட்சி சிறிது காலம் தடுமாறியதுண்டு. டில்லி சர்க்காருடன் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு அந்நாளில் இருந்த கடும் பகையும் இதற்கு ஒரு காரணம். தேசியவாதிகள் இதைக் கண்டித்தனர், கண்டித்தது முறையே. எல்லைக்கப்பால் ஆள்வோர் யாராயினும், தாய்நாட்டோடு சேர்வதை ஒரு கணமும் ஒத்திவைக்கலாகாது என்பது நம் கொள்கை. ஆயினும் தடுமாற்றம் வேறு. அந்நியனுக்கு அடிமை செய்வது வேறு. அந்நியனுக்கு அடிமை செய்தவர்களின் வீடுகள் அக்காலத்தில் பத்திரமாகவே இருந்தன. சுப்பையாவின் வீடு தீயிடப்பட்டது.

அது 1950 ஜனவரியில் நிகழ்ந்தது. 1947-ல் தோன்றிய பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சி, எதுவார் குபேர் முதலியோரின் தலைமையில், பிரெஞ்சு ஆட்சியின் துணையோடு அதிகாரம் செலுத்திய காலம் அது. இணைப்பைப் பற்றி வாய் திறந்தவன் காங்கிரஸ்காரனாயினும் கம்யூனிஸ்டாயினும் அவன் தலைக்குத் தடி காத்திருந்தது. சுப்பையா தலைமறைவாக வாழ நேர்ந்தது. அவருடைய மனைவியார் ஸ்ரீமதி சரஸ்வதி சுப்பையா இத்துன்பங்கள் அனைத்திலும் பங்குகொண்டதோடு, தாமும் போராட்டத்தில் நின்றவர். தேசத்தொண்டர்களின் வரலாற்றை எழுதுவோர் இல்லத்தரசிகளின் பங்கை ஒரு வரியில் முடித்துவிடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. எரிந்த வீட்டின் சாம்பலை அள்ளியவர்கள் யார் என்று கேட்டால் அவ்வழக்கத்தின் அநீதி விளங்கும்.

1954-ஆம் ஆண்டு கதையின் கடைசி அத்தியாயம். மார்ச்சு மாதத்தில் குபேர் தம் நிலையை மாற்றி இணைப்புக்கு ஆதரவாக வந்தார். நெட்டப்பாக்கம் சென்று பிரெஞ்சு அதிகாரத்தை எதிர்க்கலானார். ஏப்ரலில் திருபுவனை வட்டாரத்தில் கம்யூனிஸ்டுத் தொண்டர்கள் புகுந்து மூவர்ணக் கொடியை ஏற்றினர். கிராமம் கிராமமாகப் பிரெஞ்சு ஆட்சி உதிர்ந்தது. அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவளித்தனர். எட்டுப் பேர் மறுத்தனர். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறிற்று. 1956-ல் கையொப்பமான உடன்படிக்கை பாரிஸில் உறுதி பெற்று 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதியே சட்டப்படியான இணைப்பு நிறைவெய்தியது. பீரங்கி முழங்காமல், இரு தேசங்களுக்கிடையே பகையும் வளராமல் இது நிறைவேறியதைக் குறித்துப் பாரத மக்கள் பெருமை கொள்ளலாம்.

விடுதலைக்குப் பின் பதவிகள் பங்கிடப்பட்டபோது நடந்தது சிந்திக்கத் தக்கது. நெடுங்காலம் பிரெஞ்சுக்காரருக்கு வேண்டியவராயிருந்து கடைசி ஆண்டில் மனம் மாறிய குபேர், 1963 ஜூலை 1-ஆம் தேதி யூனியன் பிரதேசத்தின் முதல் முதன்மந்திரியானார். இருபது ஆண்டு சிறையும் பிரஷ்டமும் கண்ட சுப்பையா எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார். இதைக் குறித்து அவருடைய அன்பர்கள் நொந்துகொண்டதுண்டு. நாம் நொந்துகொள்ளவில்லை. ஜனநாயகத்தில் எதிர்க்கட்சி ஆசனம் தண்டனையன்று. அதுவும் ஜனங்கள் அளிக்கும் உத்தியோகமே. அவ்வுத்தியோகத்தை அவர் பல்லாண்டு ஒழுங்காகப் பார்த்தார். தம் வீடு எரிந்ததை மனத்தில் வைத்துச் சட்டசபையை எரிக்க அவர் முற்படவில்லை. துப்பாக்கியைக் கண்டவர் வாக்குச் சீட்டின்மேல் நம்பிக்கை இழக்காதிருந்தார்.

1969-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் ஜனாப் பாரூக் தலைமையில் அமைந்த கூட்டு மந்திரிசபையில் திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கம்யூனிஸ்டுக் கட்சியும் பங்குகொண்டது. சுப்பையா மந்திரியானார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. 1973 வரை அப்பதவியில் இருந்தார். ஒரு சிறு யூனியன் பிரதேசத்தின் மந்திரிக்கு இருக்கும் அதிகாரம் எவ்வளவென்பது அரசியலறிந்தார்க்குத் தெரியும். மேலே துணைநிலை கவர்னர். அதற்கு மேலே டில்லி. ஒவ்வொரு கோப்பும் இரண்டு வாயிற்படிகளைக் கடக்க வேண்டும். பிரெஞ்சுக் கவர்னரை எதிர்த்து நின்ற காலத்தில் ஒரு அறிக்கையால் ஊரை அசைத்தவருக்கு, மந்திரியானபின் ஒரு காகிதத்தை அசைக்கப் பல மாதங்கள் ஆகியிருக்கும். அவருடைய நெடிய வாழ்க்கையில் அந்நான்கு ஆண்டுகளே மிகச் சிறிய பகுதி என்று நாம் கருதுவது இதனாலேயே.

பதவி நீங்கிய மந்திரிகளை நாம் பலவாறு பார்த்திருக்கிறோம். சிலர் இழந்த மோட்டாரை நினைந்து ஏங்குவர். சிலர் அடுத்த மந்திரிசபையின் வாயிலில் காத்துக் கிடப்பர். சிலர் சேர்த்த பொருளைக் காக்க வக்கீல்களைத் தேடுவர். மூன்றாம் வகையினரால் எம் போன்ற வக்கீல்களுக்கு வருமானம் உண்டாயினும் தேசத்துக்கு நன்மை இல்லை. சுப்பையா பதவியிலிருந்து இறங்கியதும் மறுபடி தொழிலாளரிடையே சென்றார். எழுபது வயதைக் கடந்தபின், தாம் கண்டதையும் பட்டதையும் ஒழுங்குபடுத்திப் பிரெஞ்சிந்திய விடுதலை வரலாற்றைத் தம் வாழ்க்கையோடு இணைத்து எழுதினார். ஆங்கிலத்தில் அந்நூல் 1990-ல் வெளிவந்தது. சரித்திரத்தைச் செய்தவர்களில் அதை எழுதவும் ஆயுள் பெற்றவர்கள் சிலரே. 1993-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி தமது 82-ஆம் வயதில் அவர் காலமானார்.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்க படிப்பினை யாது? ஒரு மனிதன் வகித்த பதவியைக் கொண்டு அவனை அளப்பது நம் ஜனங்களிடையே வேரூன்றிய வழக்கம். மந்திரியாக இருந்தார் என்று சொன்னால் கைகூப்புகிறோம். எட்டு மணி வேலைச் சட்டத்தைக் கொண்டுவந்தார் என்றால் அது எந்தச் சட்டம் என்று கேட்கிறோம். அச்சட்டம் பிறந்தபோது சுப்பையா எந்தப் பதவியிலும் இல்லை. அவருக்கு ஆசனமில்லை, முத்திரையில்லை, வாக்குரிமைகூடப் பெயரளவில்தான். அவரிடம் இருந்தவை ஒரு சிறு பத்திரிகையும், சொன்னால் கேட்கும் தொழிலாளரும், பன்னிரண்டு பேரின் நினைவுமே. பதவியில்லாதபோது சாதித்ததைப் பதவியிலிருந்தபோது அவர் சாதிக்கவில்லை. தேர்தலில் தோற்றதும் பொதுவாழ்வே முடிந்துவிட்டதென்று சோர்ந்துபோகும் நம் இளந்தொண்டர்கள் இதை ஊன்றி நோக்குவார்களாக.

இனி, இக்காலத்து நிலை. அந்த மூன்று ஆலைகளும் பெயர் மாறி, கை மாறி, நலிந்து, 2020-ஆம் ஆண்டோடு மூடப்பட்டுவிட்டன. சங்கொலி ஓய்ந்தது. ஆலை மூடினால் சட்டம் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படி நினைப்பவர்களுக்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுகிறோம். 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி சென்னைச் சட்டசபையில், ஆலைகளில் நாளைக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்க இடந்தரும் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கட்சி பேதமின்றி எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே மாதம் முதல் தேதி திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. எண்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் எல்லைக்கு இப்புறத்தில் வென்ற உரிமைக்கு, எல்லையே மறைந்தபின் அப்புறத்தில் ஆபத்து வந்தது. உரிமை என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கும் நகையன்று. அன்றாடம் காவல் காக்க வேண்டிய வயல்.

மேலும், வைத்திக்குப்பத்து மனிதனை நோக்குவோம். கடலுக்குச் செல்பவனுக்கு எட்டு மணிக் கணக்கு எந்நாளும் இருந்ததில்லை. காற்றும் நீரோட்டமும் அவனுக்கு எஜமானர்கள். ஆண்டில் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. அக்காலத்தில் சர்க்கார் அளிக்கும் நிவாரணத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிய பின் குப்பத்துப் பிள்ளைகள் பலர் கடலை விட்டுக் கரைத் தொழில்களைத் தேடினர். உணவு விடுதிகளிலும், துணிக்கடைகளிலும், காவல் வேலைகளிலும் அவர்களைப் போன்ற வாலிபர்கள் நாளைக்கு எத்தனை மணி நிற்கிறார்கள் என்பதை நேயர்கள் தாமே கேட்டறியலாம். சங்கமில்லை; கணக்குப் புத்தகமில்லை; உட்கார ஒரு நாற்காலிகூடச் சில இடங்களில் இல்லை. சுப்பையா தொடங்கிய வேலையில் எஞ்சியிருப்பது இதுவே. அவருடைய கட்சியார் இதைச் செய்யட்டும் என்று நாம் ஒதுங்கியிருப்பது நியாயமாகாது. தேசியம் பேசுகிறவன் தேசத்து மக்களின் உழைப்பைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவது?

புதுச்சேரிக் கடற்கரை வீதி குபேர் பெயரால் வழங்குகிறது. ரெயில் நிலைய வீதி சுப்பையா பெயரால் வழங்குகிறது. ஒருவர் பெயர் உலாவச் செல்வோர் நடக்கும் இடத்திலும், மற்றவர் பெயர் பிழைப்புக்கு வருவோர் வந்திறங்கும் இடத்திலும் அமைந்தது தற்செயலே எனினும் பொருத்தமாகவே இருக்கிறது. நம்மோடு அன்று நடந்துவந்த வாலிபர் இதைப் படிப்பாராயின், அடுத்த முறை அவ்வீதியைக் கடக்கையில் ஒரு பழைய மந்திரியை நினைக்க வேண்டாம். 1936 ஜூலையில் வீழ்ந்த பன்னிருவரை நினைத்து, அவர்களுடைய நாளின் நீளத்தைக் குறைக்கக் கடல் கடந்த இருபத்தாறு வயது வாலிபனை நினைக்கட்டும். பின்னர்த் தம் குப்பத்துத் தோழர்கள் எத்தனை மணிக்கு வேலைக்குச் சென்று எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வரட்டும். குறித்ததை நமக்கு அனுப்பினால் அதை அச்சிட இப்பத்திரிகையில் இடம் உண்டு.